சன்னல் கழுவும் தொழிலுக்கு வீடு வீடாகப் போய்க் கேட்டால் வாடிக்கை கிடைக்குமா?

கேள்வி கேட்ட தம்பி, மலேசியாவின் பினாங்குத் தீவில், பாயான் லெப்பாஸில் பார்த்த தொழிற்சாலை வேலை போய்விட்டது, ஏணி, வாளி, ஸ்குவீஜி (கண்ணாடியில் தண்ணீரை வழித்தெடுக்கும் ரப்பர் பட்டை) எல்லாம் வாங்கிவிட்டேன், விளம்பரத்துக்குப் போடக் கையில் காசில்லை, வீடு வீடாகப் போய்க் கேட்கலாமா என்று எழுதியிருக்கிறார். நானும் பினாங்குத் தீவில் இதே தொழில்தான் செய்கிறேன். என்னிடம் நிலையாக இருக்கும் வாடிக்கையாளர்களில் பெரும்பாலானோர் வாசலில் நின்று பேசிப் பிடித்தவர்கள். அதனால் தைரியமாகச் சொல்கிறேன்: கிடைக்கும், போங்கள்.

ஆனால் ஒரு தாமானின் (குடியிருப்புப் பகுதியின்) முதல் லோரோங்கில் (சந்தில்) ஆரம்பித்துக் கடைசி வீடு வரை மணி அடித்துக்கொண்டே போகாதீர்கள். கால்வலிதான் மிஞ்சும். இன்றைக்கு உங்கள் ஏணி எந்த வீட்டில் நிற்கிறதோ, அந்த வீட்டுக்கு இரண்டு பக்கமும் உள்ள வீடுகள், எதிர் வரிசையில் உள்ள வீடுகள், இவற்றை மட்டும் கேளுங்கள். நான் இத்தனை காலத்தில் கற்றுக்கொண்ட முக்கியமான விஷயம் இது ஒன்றுதான். தெரியாத தெருவில் நீங்கள் யாரோ ஒரு ஆள். வேலை நடக்கும் வீட்டுக்குப் பக்கத்தில் நின்றால், பக்கத்து வீட்டு ஆண்டி கேட்டைத் திறந்துவிட்டு உள்ளே அனுமதித்த ஆள். கேட்பவர்களுக்கு இந்த வித்தியாசம் போதும்.

அந்த முதல் வீடு எங்கிருந்து வரும் என்று கேட்பீர்கள். சொந்தக்காரர் வீடு, கூட வேலை பார்த்தவர் வீடு, கோயிலில் பழக்கமானவர் வீடு, எதுவாக இருந்தாலும் சரி. கூலியைக் குறைத்துக்கூட வாங்கிக்கொள்ளுங்கள். இரண்டு விஷயத்தில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். வேலையைச் சனிக்கிழமை காலையில் வையுங்கள், தெருவைப் பார்த்த சன்னலை முதலில் எடுங்கள். சனிக்கிழமை காலையில்தான் தெருவில் ஆள் நடமாட்டம் இருக்கும். செடிக்குத் தண்ணீர் ஊற்றுவார்கள், காரைக் கழுவுவார்கள், துணி காயப்போடுவார்கள். பாதிச் சன்னல் கழுவியும் பாதி கழுவாமலும் இருக்கும்போது வித்தியாசம் நன்றாகத் தெரியும். அந்த நேரத்தில்தான் பக்கத்து வீட்டு மணியை அடிக்க வேண்டும். வேலை முடிந்து ஏணியை மடக்கிய பிறகு போனால் பாதி பலன் போய்விடும்.

இப்போது வாசலில் நிற்பதைப் பற்றி. நம் ஊரில் கதவு வரை யாரும் போக முடியாது. முதலில் கேட், பிறகு கார் நிற்கும் இடம், பிறகு கிரில், அதற்கும் பிறகுதான் கதவு. திரைச்சீலையை விலக்கிப் பார்ப்பவருக்கு நீங்கள் நிற்கும் விதம்தான் முதலில் கண்ணில் படும். அவர்கள் பயப்படுவதில் நியாயம் இருக்கிறது. சுரண்டினால் பரிசு என்று ஏமாற்றிய கும்பல்களையும், மீட்டர் பார்க்க வந்ததாகச் சொல்லி உள்ளே நுழைந்தவர்களையும் பற்றி எல்லாரும் கேள்விப்பட்டிருக்கிறார்கள். நம் பையன்கள் வாசலில் நின்றால் சில வீடுகளில் கொஞ்சம் கூடுதலாகவே தயங்குகிறார்கள். எனக்கு இது வலிக்கிற விஷயம். அதற்காகவே இன்னும் கவனமாக நிற்கிறேன். எனக்குப் பின்னால் வரும் பையனுக்கும் அந்தக் கேட் திறக்க வேண்டும்.

ஹெல்மெட்டைக் கழற்றிவிடுங்கள். கறுப்புக் கண்ணாடி வேண்டாம். மோட்டார் சைக்கிளைக் கேட்டை மறித்து நிறுத்த வேண்டாம். மணியை ஒரே ஒரு முறை அடித்துவிட்டு இரண்டு எட்டுப் பின்னால் வந்து, கேமராவில் முகம் தெரியும்படி நில்லுங்கள். கையில் ஈரமான ஸ்குவீஜி இருக்கட்டும். எதற்காக வந்திருக்கிறீர்கள் என்பதை வாயைத் திறக்கும் முன்பே அது சொல்லிவிடும். கேட் கம்பியைத் தொடவே தொடாதீர்கள். நாய் குரைத்தால் இன்னும் தள்ளி நில்லுங்கள். விற்பனையாளர் வரக்கூடாது என்று எழுதி மாட்டியிருந்தால், அந்த வீட்டைத் தாண்டிப் போய்விட வேண்டியதுதான்.

பேச்சு சுருக்கமாக இருக்கட்டும். மலாய்க்கார வீட்டில், "செலாமாட் பாகி, மக்சிக். சாயா தெங்ஙா சூச்சி திங்காப் ரூமா செபெலா" (காலை வணக்கம் அம்மா, பக்கத்து வீட்டுச் சன்னலைக் கழுவிக்கொண்டிருக்கிறேன்) என்று பக்கத்து வீட்டைக் கையால் காட்டினால் போதும். சீன வீடுகளில் மலாயும் ஆங்கிலமும் ஓடும், ஆனால் அவர்கள் பேசும் ஹொக்கியன் மொழியில் நாலு வார்த்தை தெரிந்தால் முகமே மாறிவிடும். பினாங்கில் வளர்ந்த உங்களுக்கு அது வராமல் இருக்காது. நம் ஆட்கள் வீட்டில் சன்னலைப் பற்றிக் கேட்கும் முன்பே எந்த ஊர், யார் வீட்டுப் பையன் என்று கேட்பார்கள். பொறுமையாகப் பதில் சொல்லுங்கள். அந்த விசாரணை முடிந்துவிட்டால் வேலை பாதி முடிந்த மாதிரி.

அடுத்து, முதல் தடவை வெளிப்பக்கம் மட்டும் கேளுங்கள். "உள்ளே வர வேண்டியதில்லை ஆண்டி, வெளிப்பக்கம் மட்டும்தான்" என்று சொன்னவுடன் அவர்கள் தோள் தளர்வதை நீங்களே பார்க்கலாம். முன்பின் தெரியாதவனைச் சமையலறை வரை விட வேண்டுமே என்ற கவலைதான் பல வீடுகளில் வேண்டாம் என்ற பதிலாக வருகிறது. இரண்டாம், மூன்றாம் முறை போகும்போது அவர்களே உள்பக்கமும் செய்துவிடச் சொல்வார்கள்.

ஐலண்ட் கிளேட்ஸ், ஜெலுத்தோங், கிரீன் லேன் பக்கம் பழைய வீடுகளில் இன்னும் நாக்கோ சன்னல், அதாவது திறந்து மூடும் கண்ணாடித் தகடுகளை வரிசையாக அடுக்கிய சன்னல், நிறைய இருக்கிறது. வாசலில் நின்று கேட்பவனுக்கு இதைவிட நல்ல சன்னல் கிடையாது, ஏனென்றால் அதைக் கழுவ யாருக்கும் பிடிக்காது. ஒரு தகடு இன்னொன்றின் மேல் படியும் இடத்தில் தூசி கோடாகப் படிந்திருக்கும், மேல் வரிசையில் பல்லி எச்சம் காய்ந்து ஒட்டியிருக்கும், நாற்காலி போட்டு ஏறினால்தான் கை எட்டும். வயதானவர்களால் முடிகிற வேலை இல்லை. கிரில் உள்பக்கமாக இருக்கும் வீட்டில், பிடியை இழுத்துத் தகடுகளைப் படுக்கை வாட்டத்தில் திறந்துவிடச் சொல்லுங்கள். வெளியில் நின்றபடியே இரண்டு பக்கமும் கழுவிவிடலாம். இடது உள்ளங்கையால் தகட்டை அடியில் தாங்கிக்கொண்டு வலது கையால் சோப்புத் தண்ணீர் தொட்ட துணியை ஓட்டி, சின்ன ஸ்குவீஜியால் ஒரே இழுப்பாக இழுத்து, ஓரத்தைக் காய்ந்த துணியால் ஒற்றி எடுக்க வேண்டும். கையுறை கட்டாயம். விளிம்பு அறுத்துவிடும், தகட்டைப் பிடித்திருக்கும் கவ்வியும் பழையதானால் சட்டென்று நழுவும். தொடங்கும் முன் ஒவ்வொரு தகட்டையும் லேசாக அசைத்துப் பார்த்து, ஆடுவதை வீட்டுக்காரரிடம் காட்டிவிடுங்கள்.

ஒரு சீனப் பாட்டி வீட்டில் நான் முதலில் பேசியது மொத்த வீட்டையும் பற்றி இல்லை, சாமி மேடைக்குப் பக்கத்தில் இருந்த ஒரே ஒரு சன்னலைப் பற்றி. ஊதுபத்திப் புகை பட்டுப் பட்டுக் கண்ணாடி தேநீர் நிறத்துக்கு வந்திருந்தது. வாசலிலிருந்தே தெரிந்தது. "அந்த ஒரு சன்னலை மட்டும் செய்யட்டுமா, ஆ மா?" என்றேன். ஹொக்கியனில் பாட்டியை அப்படித்தான் கூப்பிடுவார்கள். செய்யச் சொன்னார். தண்ணீர் பழுப்பாக ஓடியதைப் பக்கத்திலேயே நின்று பார்த்தார். பிறகு வீடு முழுவதும் செய்யச் சொன்னார், இன்றுவரை சீனப் புத்தாண்டுக்கு முன் அவரே கூப்பிடுகிறார். வாசலில் நிற்கும்போது கண்ணை வீட்டின் மேல் வையுங்கள். எந்தச் சன்னல் அந்த வீட்டாரை உறுத்திக்கொண்டிருக்கிறது என்று பாருங்கள். அதைப் பற்றிப் பேசுங்கள்.

ஒரு கண்ணாடியை இலவசமாகக் கழுவிக் காட்டு, பிறகு வேலை கேள் என்று சிலர் சொல்லிக்கொடுப்பார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. கேட்காமல் செய்துவிட்டு நின்றால் அவர்களுக்குக் கடன்பட்ட உணர்ச்சி வரும், அதே வேகத்தில் எரிச்சலும் வரும். பக்கத்து வீட்டுக் கண்ணாடியைக் கை காட்டினால் போதும்.

விலையை வாசலிலேயே சொல்லிவிடுங்கள். "பார்த்துக் கொடுங்க" என்ற பேச்சு வேண்டாம், அதில் இரண்டு பேருக்கும் சங்கடம். இரண்டு மாடி வரிசை வீட்டுக்கு முன்னும் பின்னும் வெளிப்பக்கம் மட்டும் என்றால் நான் 100 வெள்ளி (ரிங்கிட்) கேட்கிறேன். ஏணி ஏற்கெனவே பக்கத்து வீட்டில் நிற்கிறது, தனியாக வர வேண்டியதில்லை என்பதால் இன்றைக்கே என்றால் 80 வெள்ளி. குறைத்ததற்குக் காரணம் சொன்னால் மறுபடி பேரம் பேச மாட்டார்கள்.

அடிக்கடி வரும் மறுப்பு, "மழை பெய்தால் திரும்ப அழுக்காகிவிடுமே" என்பது. கண்ணாடியில் ஏற்கெனவே படிந்திருக்கும் தூசியோடு மழை கலந்து வழிவதால்தான் கறை தெரிகிறது, சுத்தமான கண்ணாடியில் மழை அவ்வளவு தடம் விடாது என்று சொல்லுங்கள். மூன்று நாளுக்குள் கறை தெரிந்தால் இலவசமாக வந்து துடைத்துத் தருகிறேன் என்பேன். கூப்பிடுகிறவர்கள் மிகக் குறைவு.

நேரத்தில் கவனம் தேவை. பாயான் பாரு, சுங்கை ஆரா பக்கம் இரவு ஷிப்ட் முடித்துவிட்டுக் காலையில் தூங்குகிறவர்கள் நிறைய. அந்த அலுப்பு உங்களுக்கே தெரியும், பத்து மணிக்கு முன் மணி அடிக்காதீர்கள். வெள்ளிக்கிழமை மதியத் தொழுகை நேரம் வேண்டாம். மாலையில் மக்ரிப் தொழுகை நெருங்கினால் நிறுத்திவிடுங்கள், இருட்டும் நேரத்தில் வாசலில் நிற்பவனை யாரும் நல்லவன் என்று நினைக்க மாட்டார்கள். நோன்பு மாதத்தில் மாலை நேரத்தை மொத்தமாக விட்டுவிடுங்கள்.

ஆண்டில் உங்களுக்கு மிக நல்ல காலம் டிசம்பரும் ஜனவரியும். சீனப் புத்தாண்டு ஜனவரி கடைசியிலோ பிப்ரவரியிலோ வரும். புத்தாண்டு அன்று துடைப்பத்தைத் தொடக்கூடாது என்பது அவர்கள் வழக்கம், அதனால் எல்லாச் சுத்தமும் அதற்கு முன் முடிந்தாக வேண்டும். தீவில் அந்த மாதங்களில் மழையும் குறைவு. செப்டம்பர், அக்டோபரில் மழை அதிகம், ஆனால் தீபாவளி வேலை அப்போதுதான் வரும். கூரை மூடிய பக்கத்திலிருந்து ஆரம்பித்து வானத்தைப் பார்த்துப் பார்த்துச் செய்ய வேண்டியிருக்கும். 2015, 2019 போல் புகைமூட்டம் வந்த ஆண்டுகளில், அது விலகியவுடன் தெருவில் இறங்கிவிட வேண்டும். கண்ணாடியில் படிந்த சாம்பலை எல்லாரும் பார்த்துக்கொண்டே இருப்பார்கள். தஞ்சோங் பூங்கா பக்கம் கடலைப் பார்த்த வீடுகளில் உப்பு படியும், அவர்களுக்கு ஆண்டுக்கு ஒரு முறை போதாது.

ஒவ்வொரு தாமானுக்கும், பல இடங்களில் ஒவ்வொரு லோரோங்குக்குமே ஒரு வாட்ஸ்அப் குழு இருக்கிறது. சந்தேகப்படும்படி ஆள் நின்றால் சில நிமிடத்தில் அவன் படம் அதில் வந்துவிடும். அதே குழுவில்தான் நல்ல வேலைக்காரன் நம்பரும் வரும். அதனால் புதுத் தாமானில் இறங்கும் முன் அங்குள்ள ருக்குன் தெதாங்கா (அக்கம்பக்கக் காவல் குழு) ஆட்களையோ குடியிருப்போர் சங்கத்தினரையோ பார்த்துப் பெயரைச் சொல்லி, கார்டைக் கொடுத்துவிடுங்கள். காவலாளி நிற்கும் இடத்தில் கண்ணை ஏமாற்றிக்கொண்டு நுழையவே கூடாது. கொண்டோ என்றால் நேராக நிர்வாக அலுவலகத்துக்குப் போய், அறிவிப்புப் பலகையில் ஒட்ட அனுமதி கேளுங்கள். விளக்குக் கம்பத்தில் மட்டும் ஒட்டிவிடாதீர்கள். அது மாநகராட்சி விதிக்கு விரோதம். அதோடு வட்டிக்கு விடும் ஆலோங் ஸ்டிக்கர் பக்கத்தில் உங்கள் நம்பரும் நிற்கும்.

எஸ்எஸ்எம் என்ற நிறுவனப் பதிவு ஆணையத்தில் தொழிலைப் பதிந்துவிடுங்கள். தொழில் தொடங்கி 30 நாளுக்குள் பதிய வேண்டும் என்பது 1956-ஆம் ஆண்டுச் சட்டம். சொந்தப் பெயரில் ஆண்டுக்கு 30 வெள்ளி, கடைப் பெயர் வைத்தால் 60 வெள்ளி. அந்தப் பதிவு எண்ணைக் கார்டில் அச்சிடுங்கள். வாசலில் அதைத் திருப்பிப் பார்த்துப் படிப்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

வேலை முடிந்த அன்று இரவே ஒரு நோட்டில் வீட்டு எண், எத்தனை சன்னல், எது நாக்கோ, எங்கே டிண்ட் (வெயிலை மறைக்கும் தாள்) ஒட்டியிருக்கிறது, நாய் உண்டா, எவ்வளவு வாங்கினீர்கள் என்று எழுதுங்கள். டிண்ட் ஒட்டிய பக்கத்தில் பிளேடு படக்கூடாது என்பதற்கே அந்தக் குறிப்பு உதவும். நான்கு மாதம் கழித்து, "ஆண்டி, அடுத்த சனிக்கிழமை உங்கள் லோரோங்குக்கு வருகிறேன்" என்று ஒரு செய்தி அனுப்புங்கள். பண்டிகைக்கு மட்டும் கூப்பிட்டவர்கள் ஆண்டுக்கு மூன்று முறை கூப்பிடும் வாடிக்கையாக மாறுவது இந்தச் செய்தியால்தான். ஒரே லோரோங்கில் நாலைந்து வீடு அப்படி அமைந்துவிட்டால் பெட்ரோல் செலவு குறையும், ஒரு நாள் முழுக்க ஏணியை அங்கேயே நகர்த்திக்கொண்டு போகலாம்.

இன்னும் ஒன்று. அடுக்குமாடியில் கூப்பிடுகிறவர்கள் சிலர், கொஞ்சம் வெளியே எட்டித் துடைத்துவிடு தம்பி, கூடப் பத்து வெள்ளி தருகிறேன் என்பார்கள். ஒத்துக்கொள்ளாதீர்கள். உள்ளிருந்து கை எட்டுகிற வரைதான் செய்வேன், வெளிப்பக்கம் கயிற்றில் இறங்கும் பயிற்சி பெற்றவர்கள் வேலை என்று விலை பேசும்போதே சொல்லிவிடுங்கள். பெர்கேசோ என்ற சமூகப் பாதுகாப்பு நிறுவனத்தில் சொந்தத் தொழில் செய்பவர்களுக்குத் தனித் திட்டம் இருக்கிறது; ஏணியில் ஏறும் முன் அதில் சேர்ந்துவிடுங்கள்.