லேப்டாப்பை மூடிவிட்டு போனைத் திறந்தால் அது ஓய்வா?

கேள்வி: எனக்கு வயது 34. காலை ஒன்பது மணிக்கு லேப்டாப் முன்னால் உட்கார்ந்தால் எழுந்திருக்க மாலை ஏழாகிவிடுகிறது. மணிக்கு ஒருமுறை பத்து நிமிடம் பிரேக் எடுக்கிறேன். ஆனாலும் சாயங்காலம் ஆனால் எரிச்சல். வீட்டில் யாராவது சாதாரணமாகப் பேசினாலே கோபம் வருகிறது. படுத்தால் தூக்கம் வருவதில்லை. போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க போனை அணைத்து வைத்துப் பார்த்தேன். நிம்மதி வரவில்லை, பதற்றம்தான் கூடியது. திரையை விட்டு விலகியிருந்தால் மனசுக்கு நல்லது என்கிறார்களே, உண்மையிலேயே பலன் உண்டா? நான் எங்கே தப்பு செய்கிறேன்?

பதில்: எல்லாவற்றையும் எழுதிய நீங்கள் ஒன்றை மட்டும் எழுதவில்லை. அந்தப் பத்து நிமிடத்தில் என்ன செய்கிறீர்கள்? என்னிடம் ஆலோசனைக்கு வருகிறவர்களிடம் இதைக் கேட்டால் பெரும்பாலும் முதலில் ஒரு சிரிப்பு வரும், அப்புறம் பதில் வரும்: "போன்தான் பார்ப்பேன்." நீங்களும் அப்படித்தான் என்று எடுத்துக்கொண்டு எழுதுகிறேன். இல்லையென்றால் மன்னிக்கவும்.

பலன் உண்டு. ஆனால் அது திரையை அணைப்பதால் மட்டும் வருவதில்லை. அந்த நேரத்தில் மனம் எங்கே போய் இருக்கிறது என்பதைப் பொறுத்துத்தான் வருகிறது.

ஒரு அறிக்கையைப் பாதியில் நிறுத்திவிட்டு எழுகிறீர்கள். எழுந்தாலும் அந்த அறிக்கை மனசை விட்டுப் போவதில்லை, அதில் ஒரு துண்டு ஒட்டிக்கொண்டே இருக்கும். சோஃபி லெராய் என்ற ஆய்வாளர் 2009-இல் இதை 'கவன மிச்சம்' என்ற பொருளில் விளக்கினார். ஒரு வேலையை முடிக்காமல் அடுத்ததற்குத் தாவினால், முதல் வேலையின் மிச்சம் இரண்டாவதைக் கெடுக்கும். இப்போது போனை எடுக்கிறீர்கள். யாரோ இரண்டு பேர் சண்டை போடுகிறார்கள், பாதி படிக்கிறீர்கள். நண்பர் வீட்டு விசேஷப் படம் வருகிறது, வாழ்த்த வேண்டும் என்று நினைத்துக்கொள்கிறீர்கள். உறவினர் ஒருவருக்கு உடம்பு சரியில்லை என்று ஒரு செய்தி, அப்புறம் பேசலாம் என்று தள்ளுகிறீர்கள். பத்து நிமிடம் முடிந்து லேப்டாப்புக்குத் திரும்பும்போது பழைய மிச்சம் போகவில்லை, கூடவே மூன்று புது மிச்சங்கள் சேர்ந்துவிட்டன. ஒரு நாளைக்கு எட்டு பிரேக் என்றால் கணக்குப் போட்டுப் பாருங்கள். சாயங்கால எரிச்சல் எங்கிருந்து வருகிறது என்பதற்குப் பாதி விடை இதில் இருக்கிறது.

வேலை நேரம் மட்டும் ஒழுங்காக இருக்கிறதா என்றால் அதுவும் இல்லை. கணினி முன்னால் இருப்பவர்களின் கவனத்தைப் பல வருடங்களாக அளந்துவருபவர் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் குளோரியா மார்க். 2004-இல் ஒருவர் ஒரு திரையில் சராசரியாக இரண்டரை நிமிடம் நிலைத்திருந்தார். அண்மைக் கால அளவீடுகளில் அது சுமார் 47 விநாடி.

இருபது நிமிடத்துக்கு ஒருமுறை இருபது அடி தூரத்தில் இருப்பதை இருபது விநாடி பார்க்கச் சொல்வார்களே, அது கண்ணுக்கு. செய்யுங்கள், ஆனால் அதை மனசின் ஓய்வாகக் கணக்கில் எழுதாதீர்கள்.

மனசுக்கு எது ஓய்வு? 2008-இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் ஒரு சோதனை செய்தார்கள். சிலரை மரங்கள் நிறைந்த இடத்தில் ஐம்பது நிமிடம்போல நடக்கவிட்டார்கள். அதே ஆட்களை இன்னொரு நாள் பரபரப்பான தெருக்களில் நடக்கவிட்டார்கள். கேட்ட எண்களைத் தலைகீழாகத் திருப்பிச் சொல்லும் சோதனையில், மரங்களுக்கு நடுவே நடந்துவிட்டு வந்தபோது நன்றாகச் செய்தார்கள். தெருவில் நடந்தபோது அந்த முன்னேற்றம் இல்லை. எனக்கு இதில் பிடித்த விஷயம் வேறு. கடும் குளிரில் நடந்தவர்களுக்கு அந்த நடை பிடிக்கவே இல்லையாம், ஆனாலும் பலன் இருந்தது. அதாவது ஓய்வு சுகமாக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. கவனத்தைப் பிடித்து இழுக்காத இடத்தில் மனசைக் கொஞ்ச நேரம் விட்டால் போதும். மரம் இல்லாவிட்டால் ஜன்னல். ஜன்னலும் இல்லையென்றால் துணி மடிப்பது, செடிக்குத் தண்ணீர் ஊற்றுவது, படிக்கட்டில் ஒருதரம் ஏறி இறங்குவது. கை வேலை செய்யும், மனம் சும்மா இருக்கும்.

சரி, ஞாயிற்றுக்கிழமைக்கு வருவோம். அன்றைக்கு வந்த பதற்றம் உங்கள் பலவீனம் இல்லை, எதிர்பார்க்க வேண்டியதுதான். 2019-இல் வெளியான ஓர் ஆய்வில் நோட்டிஃபிகேஷன்களைப் பல விதமாக மாற்றிப் பார்த்தார்கள். ஒரு குழுவினருக்கு வழக்கம்போல வந்தன. இன்னொரு குழுவினருக்கு ஒரு நாளைக்கு மூன்று முறை மட்டும் மொத்தமாக வந்தன. வேறொரு குழுவினருக்கு அடியோடு நிறுத்திவிட்டார்கள். மூன்று முறை பெற்றவர்கள் நல்ல மனநிலையில் இருந்தார்கள், கவனமும் கூடியது. அடியோடு நிறுத்தப்பட்டவர்களுக்கோ பதற்றம் கூடியது, எதையோ தவறவிடுகிறோம் என்ற பயமும் வந்தது. உங்கள் ஞாயிற்றுக்கிழமையும் இதே கதைதான். அதனால் முழு விரதத்தை விடுங்கள். காலை, மதியம், மாலை என்று மூன்று நேரம் வைத்துக்கொண்டு அப்போது மட்டும் எல்லாவற்றையும் பாருங்கள். வீட்டாரின் அழைப்புகள் மட்டும் எப்போதும் ஒலிக்கட்டும். அவசரம் என்றால் கூப்பிடுவார்கள் என்று தெரிந்தாலே மனம் பாதி அடங்கிவிடும்.

நீண்ட விலகல் வேண்டும் என்று தோன்றினால் அதற்கும் ஒரு நல்ல மாதிரி இருக்கிறது. 2025-இல் வெளியான ஆய்வு ஒன்றில் 467 பேர் கலந்துகொண்டார்கள். இரண்டு வாரம் போனில் இணையத்தை மட்டும் தடுத்தார்கள். பேசலாம், குறுஞ்செய்தி அனுப்பலாம், கணினியில் இணையம் பார்க்கலாம். முழுமையாகக் கடைப்பிடித்தவர்கள் கால்வாசிப் பேர்தான். அப்படியும் கவனம், மனநலம், வாழ்க்கை திருப்தி என்று பார்த்ததில் ஏதாவது ஒன்றிலாவது முன்னேறியவர்கள் 91 சதவீதம். காரணம் தேடியபோது தெரிந்தது, அவர்கள் ஆட்களை நேரில் அதிகம் சந்தித்தார்கள், உடற்பயிற்சி செய்தார்கள், வெளியே போனார்கள், கொஞ்சம் கூடுதலாகத் தூங்கினார்கள். மிச்சமான நேரம் எங்கே போனதோ அங்கிருந்துதான் பலன் வந்திருக்கிறது. உங்கள் ஞாயிற்றுக்கிழமையில் போன் போன இடத்தில் எதை வைத்தீர்கள்? ஒன்றும் வைக்கவில்லை என்றால் பதற்றம் வந்து உட்காரத்தான் செய்யும்.

இதற்காகத் திரையை விஷமாக நினைத்துப் பயப்படவும் வேண்டாம். பதின்வயதினரைப் பற்றிய மிகப் பெரிய தரவுகளை வைத்து 2019-இல் ஆக்ஸ்ஃபோர்ட் ஆய்வாளர்கள் பார்த்தபோது, அவர்களின் மனநல வேறுபாட்டில் டிஜிட்டல் பயன்பாட்டோடு தொடர்புடைய பங்கு அதிகபட்சம் 0.4 சதவீதம்தான். மொத்த மணிக்கணக்கை மட்டும் எண்ணிக்கொண்டிருந்தால் பெரிதாக எதுவும் கிடைக்காது.

இரவு விஷயத்தில் மட்டும் நான் கொஞ்சம் கறார். எல்லோரும் நீல வெளிச்சத்தைக் குறை சொல்வார்கள். அது உண்மைதான், தூக்கத்துக்குத் தயார்ப்படுத்தும் மெலட்டோனினை அது தள்ளிப்போடுகிறது. ஆனால் எவ்வளவு? 2015-இல் வெளியான ஆய்வில், படுக்கப் போகும் முன் நான்கு மணி நேரம் பிரகாசமான திரையில் புத்தகம் படித்தவர்களுக்குத் தூக்கம் வர, அச்சுப் புத்தகம் படித்தபோது ஆனதைவிட சுமார் பத்து நிமிடம்தான் அதிகமானது. நீங்கள் இழப்பது பத்து நிமிடம் இல்லையே! மிச்சத்தைத் தின்பது திரையில் ஓடுகிற சமாச்சாரம். பகல் முழுக்க எனக்கென்று நேரமே இல்லை, இப்போதாவது இருக்கட்டும் என்று பதினொரு மணிக்கு மேல் விரல் தள்ளிக்கொண்டே போகும். அதனால் வெளிச்சத்தை மஞ்சளாக்கிவிட்டுப் பார்ப்பதால் பெரிய லாபம் இல்லை. போனை வேறு அறையில் சார்ஜுக்குப் போடுங்கள். "அலாரம் வைக்க வேண்டுமே" என்பீர்கள். ஒரு சாதாரண அலாரம் கடிகாரம் வாங்குங்கள். நான் என் சாக்குகளையெல்லாம் தீர்த்துக்கட்டியது அப்படித்தான். அதோடு, சாயங்காலம் வேலை முடிந்ததும் அரை மணி நேரம் உங்களுக்கென்று ஒதுக்கிவிடுங்கள், இரவில் அதைப் பறித்துக்கொள்ளும் ஆசை குறையும்.

மணிக்கொரு பிரேக்குக்கு ஒரே ஒரு மாற்றம்: எழும் முன் ஒரு தாளில் "அடுத்து செய்ய வேண்டியது இது" என்று ஒரு வரி எழுதிவிட்டு, போனை மேஜையிலேயே விட்டுவிட்டு எழுங்கள். அந்த வரி இருந்தால் பாதியில் விட்ட வேலை மனசைப் பிடித்து இழுப்பது குறையும். முதல் சில நாள் கை தானாகச் சட்டைப் பைக்குப் போய் வெறுமையைத் தடவிவிட்டுத் திரும்பும். அதைப் பார்த்துச் சிரித்துக்கொள்ளுங்கள். வீடியோ மீட்டிங் அதிகம் என்றால் உங்கள் முகம் உங்களுக்கே தெரிவதை மறைத்துவிடுங்கள். மணிக்கணக்கில் கண்ணாடி பார்த்துக்கொண்டு பேசுவது யாருக்கும் களைப்புதான்.

இரண்டு வாரம் இப்படிச் செய்தும் தூக்கம் வராவிட்டால், அல்லது எரிச்சலோடு எதிலும் ஆர்வமின்மை, நாள் முழுக்கச் சோர்வு, வாழப் பிடிக்கவில்லை என்ற எண்ணம் இருந்தால், அது பிரேக் எடுத்துத் தீர்க்கிற விஷயம் இல்லை. மனநல மருத்துவரைப் பாருங்கள். கடைசியாகச் சொன்ன எண்ணம் இருந்தால் இரண்டு வாரம் காத்திருக்கவே வேண்டாம், இன்றைக்கே போங்கள். மற்றபடி போகும்போது ஒரு வாரத்துக்கு எத்தனை மணிக்குப் படுத்தீர்கள், எத்தனை மணிக்கு எழுந்தீர்கள் என்று குறித்து எடுத்துப் போனால் அவருக்கு வேலை சுலபம்.