ஹாங்காங் தனி நாடு இல்லையே, அப்புறம் எப்படி லண்டனிலும் வாஷிங்டனிலும் அதற்குத் தனி அலுவலகம்?

அவை தூதரகங்கள் இல்லை, பொருளாதார வர்த்தக அலுவலகங்கள். ஹாங்காங்குக்கு அரசியலமைப்பு மாதிரி இருக்கும் அடிப்படைச் சட்டத்தின் 13-வது பிரிவு வெளியுறவை பெய்ஜிங்கிடம் கொடுக்கிறது. ஆனால் 151-வது பிரிவு, வர்த்தகம், கப்பல் போக்குவரத்து, சுற்றுலா மாதிரி விஷயங்களில் 'ஹாங்காங், சீனா' என்ற பெயரில் தானே ஒப்பந்தம் போட அனுமதிக்கிறது. உலக வர்த்தக அமைப்பில் அது 1995 முதல் தனி உறுப்பினர், அதாவது சீனா 2001-ல் சேருவதற்கு முன்பே.

நடைமுறையில் பார்த்தால், வெளிநாட்டில் ஒரு ஹாங்காங்வாசி பாஸ்போர்ட்டைத் தொலைத்துவிட்டால் சீனத் தூதரகத்துக்குத்தான் போக வேண்டும், இந்த அலுவலகத்துக்கு இல்லை.

சரி, இந்த அலுவலகங்களுக்குத் தூதரகம் மாதிரி கிடைக்கும் சட்டச் சலுகைகள் எங்கிருந்து வருகின்றன? அந்தந்த நாட்டுச் சட்டத்திலிருந்து. பிரிட்டன் 1996-ல் இதற்கென்றே ஒரு சட்டம் இயற்றியது. அமெரிக்காவிலும் 1997-ல் ஜனாதிபதி ஆணை மூலம் சர்வதேச அமைப்புகளுக்கான சலுகைகள் கொடுத்தார்கள். கொடுத்தவர்கள் திரும்ப எடுக்கவும் முடியும், இந்த ஏற்பாட்டின் பலவீனமே அதுதான். 2020-ல் ஹாங்காங்கில் பெய்ஜிங்கின் தேசியப் பாதுகாப்புச் சட்டம் வந்ததும், ஹாங்காங் பொருட்களில் 'சீனாவில் தயாரானது' என்றுதான் குறிக்க வேண்டும் என அமெரிக்கா சொன்னது. ஹாங்காங் தன் பெயரிலேயே உலக வர்த்தக அமைப்பில் வழக்குப் போட, 2022 டிசம்பரில் அதற்குச் சாதகமாகத் தீர்ப்பு வந்தது, அமெரிக்கா மேல்முறையீடு செய்தது. அமெரிக்காவிலுள்ள மூன்று அலுவலகங்களையும் மூட வழிசெய்யும் மசோதா 2024 செப்டம்பரில் பிரதிநிதிகள் சபையில் நிறைவேறியது.

என் கருத்தில், வர்த்தகத் தன்னாட்சி இன்னும் காகிதத்தில் மட்டும் இல்லை, ஆனால் அரசியல் தன்னாட்சி சுருங்கச் சுருங்க அதை நம்பவைப்பது கடினமாகிறது.