கேள்வி – பதில்: குறைவு என்கிறார்கள், எண் ஏன் ஏறுகிறது?

கேள்வி: எனக்குத் தைராய்டு சுரப்பு குறைவு என்று மருத்துவர் சொல்கிறார். ஆனால், பரிசோதனை அறிக்கையில் டி.எஸ்.எச். 12 என்று இயல்பைவிட அதிகமாக இருக்கிறது. எதை நம்புவது? – வாசகி, கும்பகோணம்.

பதில்: இரண்டையும் நம்பலாம். டி.எஸ்.எச். என்பது தைராய்டு சுரக்கும் ஹார்மோன் அன்று. மூளையின் அடியில் பட்டாணி அளவில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி, 'இன்னும் சுர' என்று தைராய்டுக்கு அனுப்பும் ஆணை. கழுத்தின் முன்புறமுள்ள தைராய்டு, உணவிலிருந்து கிடைக்கும் அயோடினைக் கொண்டு தைராக்சின் என்ற ஹார்மோனை உருவாக்குகிறது. இரத்தத்தில் அது போதுமான அளவுக்கு இருந்தால் பிட்யூட்டரியும் அதற்கு மேலுள்ள மூளைப் பகுதியான ஹைப்போதலாமஸும் அடங்கியிருக்கும், குறைந்தால் ஆணையின் குரல் உயரும். உங்கள் அறிக்கையில் உள்ள 12 அந்தக் குரலின் உயரமே. பிட்யூட்டரியே பழுதானால் தைராக்சின் குறைந்தும் டி.எஸ்.எச். ஏறாது என்பதால், டி4 (தைராக்சின்) அளவையும் சேர்த்துப் பார்ப்பதே முறை.

குறைவை ஈடுசெய்யும் தைராக்சின் மாத்திரையைத் தொடங்கிய பத்தாம் நாளே மறுபரிசோதனைக்கு ஓடுபவர்கள் உண்டு. அது வீண் செலவு. தைராக்சினின் அரை ஆயுள், அதாவது உடலில் அது பாதியாகக் குறைய ஆகும் காலம், ஏறத்தாழ 7 நாள்கள் என்பதால் அதன் அளவு நிலைபெறவே சில வாரங்களாகும். பிட்யூட்டரி அதற்கேற்ப அடங்க மேலும் நாளாகும். எனவேதான் 6 முதல் 8 வாரங்கள் கழித்து வரச் சொல்கிறார்கள். மாத்திரையை வெறும் வயிற்றில் தண்ணீருடன் விழுங்குங்கள். காபி அரை மணி நேரமாவது காத்திருக்கட்டும். இரும்புச்சத்து, கால்சியம் மாத்திரைகளுக்கு 4 மணி நேர இடைவெளி தேவை.