அடுத்த பிள்ளைக்கும் வருமா?

கேள்வி: எங்களுக்குப் பாம்பன். அத்தை மகனைத்தான் கட்டியிருக்கிறேன். நாலு வயது மகள் ஒன்றரை வயதுவரை அம்மா, தண்ணி எல்லாம் சொன்னாள். பிறகு பேச்சு நின்றுபோய், எந்நேரமும் கையைப் பிசைந்துகொண்டே இருக்கிறாள். பரிசோதனையில் எம்இசிபி2 மரபணுவில் மாற்றம், ரெட் நோய் என்று வந்திருக்கிறது. சொந்தத்தில் கட்டியதால்தான் என்கிறார் மாமியார். ஏர்வாடி தர்காவில் தங்க வைக்கவும் சொல்கிறார். எனக்கு இப்போது இரண்டு மாதம். இந்தப் பிள்ளைக்கும் வருமா?

பதில்: வர வாய்ப்பு மிகக் குறைவு. சொந்தத்தில் கட்டியதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. உறவுத் திருமணத்தால் கூடுவது, தாய் தகப்பன் இருவரிடமிருந்தும் பழுதான மரபணு வந்து சேரும் நோய்கள், தலசீமியா என்ற ரத்த நோய் அப்படி. ரெட்டுக்கு எக்ஸ் குரோமோசோமில் ஒரு பிரதி பழுதானாலே போதும். அதுவும் பெரும்பாலும் விந்தணு உருவாகும்போது புதிதாக நேர்வது. (இதைக் கேட்டு பழி உங்கள் கணவர் பக்கம் திரும்பிவிட வேண்டாம். யாரும் செய்த தப்பு இல்லை.)

இந்த மரபணு தரும் புரதம், டிஎன்ஏவில் மெத்தில் என்ற வேதிக் குறி உள்ள இடங்களில் ஒட்டிக்கொண்டு, மற்ற மரபணுக்கள் எவ்வளவு வேலை செய்யலாம் என்று கட்டுப்படுத்துகிறது. கருவாட்டுக்கு உப்பு மாதிரி, மூளைக்கு இது அளவாக வேண்டும். குறைந்தால் ரெட், மரபணு இரட்டித்துக் கூடிப்போனால் வேறொரு நோய், அது பெரும்பாலும் ஆண் பிள்ளைகளுக்கு. 1966இல் ஆண்ட்ரியாஸ் ரெட் விவரித்த நோய்க்கு இதுதான் காரணம் என்று 1999இல்தான் தெரிந்தது.

சரி, செய்ய வேண்டியது. மகளின் ரிப்போர்ட்டில் 'சி' என்று தொடங்கி எண்ணும் எழுத்துமாக ஒரு வரி இருக்கும். அதே மாற்றம் உங்கள் ரத்தத்தில் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள், இந்த வாரமே. தாய்க்கு எந்த அறிகுறியும் இல்லாமலே அது இருக்கலாம். இருந்தால் ஒவ்வொரு கர்ப்பத்திலும் பாதிக்குப் பாதி. இல்லையென்றால் 1 சதவீதத்துக்கும் கீழே. முழுப் பூஜ்யம் என்று சொல்ல மாட்டேன், சில சமயம் கருமுட்டையிலோ விந்தணுவிலோ மட்டும் ஒளிந்திருக்கும். ஸ்கேனில் இது தெரியாது. 11 முதல் 13 வாரத்துக்குள் நஞ்சுக்கொடித் திசுவை எடுத்தோ, 16 வாரம் வாக்கில் பனிக்குட நீரை எடுத்தோ பார்க்கலாம்.

ஏர்வாடி போவது உங்கள் விருப்பம். ஆனால் மகளுக்கு வலிப்பு மாத்திரை இருந்தால் ஒரு வேளைகூட விடக் கூடாது. அப்புறம், வருடத்துக்கு ஒரு ஈசிஜி எடுங்கள். இந்தப் பிள்ளைகளுக்கு அதில் கியூடி இடைவெளி, அதாவது ஒவ்வொரு துடிப்பிலும் இதயத்தின் மின் ஓட்டம் தொடங்கி அடங்கும் நேரம், நீளலாம்; சில ஆன்டிபயாட்டிக், வாந்தி மருந்துகள் அதை இன்னும் நீட்டும். அதனால் மெடிக்கலில் நீங்களாக மருந்து வாங்கிக் கொடுக்காதீர்கள்.