தந்தை யார் என்று சொல்லாத படம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

மைக் லீயின் ‘சீக்ரெட்ஸ் அண்ட் லைஸ்’ படத்தை நீங்கள் சொல்லித்தான் பார்த்தேன். பிடித்திருந்தது, ஆனால் நீளம் பொறுமையைச் சோதித்தது. ஒரு பிறந்தநாள் விருந்தில் எல்லா உண்மையும் வெளிவந்து, அழுது முடித்து, எல்லோரும் சேர்ந்துவிடுவதை நம்ப முடியவில்லை. ஹார்டென்ஸின் தந்தை யார் என்று கடைசிவரை சொல்லாதது ஏமாற்று வேலையாகப் பட்டது. எங்கள் வீட்டிலும் அம்மாவின் இளமைக்காலம் பற்றிப் பேசாமல் மூடிவைத்த விஷயம் ஒன்று உண்டு. படம் பார்த்ததிலிருந்து அம்மாவிடம் நேராகவே கேட்டுவிடலாம் என்று தோன்றுகிறது. கேட்கலாமா?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் பெயரையும் குடும்ப விவரங்களையும் எடுத்துவிட்டேன். நீங்கள் அவற்றை அவ்வளவு விரிவாக எழுதியிருக்கவே கூடாது.

என் அத்தை இறந்ததிலிருந்து இந்தப் படம் மனதில் ஓடிக்கொண்டே இருக்கிறது. அதனால்தான் உடனே பதில் எழுதுகிறேன். நீளம் பற்றி எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை. விருந்தைப் பற்றி ஒரு வார்த்தை: அங்கே யாரும் முழுசாகச் சேர்ந்துவிடவில்லை. கோபித்துக்கொண்டு பஸ் நிறுத்தத்துக்கு ஓடிய ராக்ஸானை, அதாவது கதாநாயகி சிந்தியாவின் இளைய மகளை, மாமா மாரிஸ் கூட்டிவந்து உட்காரவைக்கிறார், அவ்வளவுதான். ஊரையே சிரிக்கவைத்துப் படம் பிடிக்கிற போட்டோகிராபரான மாரிஸ், தன் வீட்டில் வெடித்துக் கத்துகிறார். அதையும் நம்ப முடியவில்லை என்றால் நான் என்ன செய்ய?

தந்தை விஷயத்துக்கு வருகிறேன். படம் பார்க்காதவர்களுக்காக: சிந்தியா லண்டனில் அட்டைப்பெட்டித் தொழிற்சாலையில் வேலை செய்யும் வெள்ளைக்காரப் பெண். பதின்பருவத்தில் ஒரு குழந்தையைப் பெற்று, முகம்கூடப் பார்க்காமல் தத்துக்கொடுத்தவள். அந்தக் குழந்தைதான் ஹார்டென்ஸ். கறுப்பினப் பெண், கண் பரிசோதகர். வளர்ப்புத்தாயும் இறந்தபின் பெற்றவளைத் தேடி வருகிறாள். தத்துக்கொடுக்கப்பட்டவர்கள் 18 வயதானதும் தங்கள் பிறப்புப் பதிவைப் பார்க்கலாம் என்று இங்கிலாந்தில் 1975-ல் சட்டம் வந்தது. அந்த உரிமை அவளுக்கு உண்டு. பெற்றவள் பெயர் அவளுக்குச் சேர வேண்டியது. அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

ஆனால் அந்தக் கர்ப்பம் எப்படி வந்தது என்பது சிந்தியாவுக்கு மட்டுமே சொந்தம்.

அந்த டீக்கடைக் காட்சியை மறுபடி பாருங்கள். இருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள். எட்டு நிமிடம் போல வெட்டே இல்லாத ஒரே ஷாட். கறுப்பினத்தவர் யாரோடும் தான் இருந்ததே இல்லை, ஏதோ தவறு நடந்திருக்கிறது என்று மகளுக்கு அனுதாபத்தோடு சொல்லிக்கொண்டே வருகிறாள். சட்டென்று ஞாபகம் வந்துவிடுகிறது. உடைந்துபோய் அழுகிறாள், மகளை ஏறிட்டுப் பார்க்க முடியவில்லை. சிந்தியாவாக நடித்த பிரெண்டா பிளெதினுக்கு, படம் வந்த 1996-ல், கான் திரைப்பட விழாவில் சிறந்த நடிகை விருது கிடைத்தது. நடிகர்களிடம் அவரவர் பாத்திரத்துக்குத் தெரிந்ததை மட்டும் சொல்லி மாதக்கணக்கில் ஒத்திகை நடத்துவது லீயின் முறை. மகளாக வரப்போகிறவர் கறுப்பினப் பெண் என்பதே நேரில் பார்க்கும்வரை பிளெதினுக்குத் தெரியாது.

அப்புறம் விருந்தில் என்ன நடக்கிறது? ராக்ஸானுக்கு அவள் தந்தை யார் என்று சிந்தியா சொல்லிவிடுகிறாள். அமெரிக்க மருத்துவ மாணவன், விடுமுறையில் ஸ்பெயினின் பெனிடோர்மில் சந்தித்தவன், விடிந்தபோது ஆள் இல்லை. ஊர் என்ன சொல்லும் என்று மறைக்கிற பெண்ணாக இருந்தால் இதையும் மறைத்திருப்பாள். அதற்குப் பிறகுதான் ஹார்டென்ஸ் கேட்கிறாள், என் அப்பா நல்லவரா என்று. என் மனசை உடைக்காதே என்று கெஞ்சுகிறாள் சிந்தியா. இதற்குமேல் என்ன பதில் வேண்டும் உங்களுக்கு? விலக்கப்பட்ட காதல் என்று நீங்கள் எழுதவில்லை, ஆனால் இணையத்தில் பலர் எழுதுகிறார்கள். எனக்கு அங்கே காதல் எதுவும் தெரியவில்லை. ஹார்டென்ஸுக்கும் அது புரிகிறது, அவள் மேற்கொண்டு கேட்கவில்லை. கேட்க எல்லா நியாயமும் உள்ள அவளே விட்டுவிட்டாள். நீங்கள் விடமாட்டேன் என்கிறீர்கள்.

என் அத்தை கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏதோ நடந்தது, அவ்வளவுதான் எங்களுக்குத் தெரியும். பாட்டியின் பதினாறாம் நாள் பந்தியில் அத்தை ரசம் ஊற்றிக்கொண்டு வந்தார். சொந்தக்காரர் ஒருவர், இப்போது அம்மாவும் இல்லை, இனிமேலாவது சொல்லலாமே, அன்றைக்கு என்னதான் நடந்தது என்று எல்லோர் காதிலும் விழும்படி கேட்டார். அத்தை அவர் இலையில் ரசம் ஊற்றினார். அடுத்த இரண்டு இலைக்கும் ஊற்றினார். பிறகு தூக்குவாளியைத் தரையில் வைத்துவிட்டுக் கொல்லைப்பக்கம் போய்விட்டார். பந்தியில் ஒருவர்கூட எழுந்திருக்கவில்லை. கேட்டவர் மோர் கேட்டு வாங்கிக் குடித்தார். உண்மை வெளிவந்தால் எல்லோருக்கும் நல்லது என்று யாராவது பேசினால் எனக்கு அந்த மனிதர் முகம்தான் ஞாபகம் வருகிறது.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். அம்மாவின் மௌனத்தால் உங்களுக்கோ வேறு யாருக்கோ சேர வேண்டியது எதுவும் தடைப்பட்டிருக்கிறதா? எங்கேயாவது ஒரு பிள்ளை அவரைத் தேடிக்கொண்டிருக்கிறதா? அப்படியென்றால் கேளுங்கள், கேட்டுத்தான் ஆக வேண்டும். உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன், அப்படி எதுவும் அதில் இல்லை. தெரிந்துகொள்ளும் ஆசை மட்டும் இருக்கிறது. அதற்காக ஒரு வயதான பெண்ணை உட்காரவைத்து விசாரிக்காதீர்கள்.

வேண்டுமானால் அம்மாவோடு சேர்ந்து படத்தை இன்னொரு முறை பாருங்கள். வசனம் புரியாத இடங்களில் சொல்லிக்கொடுங்கள். நடுவில் அவர் எழுந்து அடுப்படிக்குப் போனால் பின்னாலேயே போய் நிற்காதீர்கள்.