சட்டம் மாறினால் தாய்மார் உயிர் பிழைப்பார்களா?

கேள்வி: இனப்பெருக்க நலச் சட்டத்தைத் திருத்தினாலே தாய்மார் இறப்பு குறைந்துவிடுமா?

ஒரு வகை இறப்பு மட்டும் வெகு விரைவில் குறையும். பாதுகாப்பற்ற கருக்கலைப்பால் நேரும் இறப்பு அது. ருமேனியா 1966-இல் கருக்கலைப்பைப் பெரும்பாலும் தடைசெய்தது. கருத்தடைச் சாதனங்களும் எளிதில் கிடைக்காத நிலையில், பெண்கள் மறைவிடங்களை நாடினார்கள்; உதிரப்போக்கும் காய்ச்சலும் கண்ட பிறகும், உண்மையைச் சொன்னால் வழக்கு வருமே என்று மருத்துவமனைக்குப் போகத் தயங்கினார்கள். 1989-இல் அங்கே ஒரு லட்சம் பிறப்புக்கு ஏறத்தாழ 170 தாய்மார் இறந்தனர். அவர்களில் பெரும்பாலோரின் உயிரைப் பறித்தது கருக்கலைப்பே. அந்த டிசம்பரில் தடை நீங்கியது. அடுத்த ஆண்டே விகிதம் ஏறத்தாழப் பாதியானது. ஓராண்டுக்குள் எந்த நாடும் புதிய மருத்துவமனைகளைக் கட்டி எழுப்பிவிட முடியாது என்பதை நினைத்துப் பார்த்தால், அச்சம் எத்தனை பேரைக் கொன்றிருக்கிறது என்பது விளங்கும்.

ஆனால் சட்டம் தானாகச் சேவையாகிவிடாது. நேபாளம் 2002-இல் கருக்கலைப்புச் சட்டத்தைத் திருத்தியது; அரசு மருத்துவமனையில் அந்தச் சேவை தொடங்கியது 2004-இல்தான்.

கேள்வி: பிரசவக் கட்டணத்தை நீக்கி, மருத்துவமனைப் பிரசவங்கள் பெருகிய பிறகும் இறப்பு குறையாத இடங்கள் உண்டே, ஏன்?

தாடியஸ், மெயின் ஆகிய இரு ஆய்வாளர்கள் 1994-இல் மூன்று தாமதங்களைச் சுட்டினார்கள்: சிகிச்சைக்குச் செல்ல முடிவெடுப்பதில், போய்ச் சேர்வதில், சேர்ந்தபின் சிகிச்சை கிடைப்பதில். கட்டணம் நீங்கினால் முதலிரண்டும் ஓரளவு தளரும். மூன்றாவது தாமதம் பிரசவ அறைக்குள்ளேயே இருக்கிறது. கொள்கை வகுப்போர் அதை எட்டிப் பார்ப்பதே இல்லை என்பது என் நெடுநாள் வருத்தம்.

குழந்தை பிறந்தபின் வெளியேறும் உதிரத்தைக் கண்ணால் மதிப்பிட்டால் பெரும்பாலும் குறைத்தே மதிப்பிடுவோம். துணியிலும் பஞ்சிலும் ஊறியது கணக்கில் வருவதில்லை. தாயின் இடுப்புக்குக் கீழே அளவுக்கோடுகள் இட்ட நெகிழி விரிப்பு ஒன்றை வைத்தால், உதிரம் அதன் பையில் சேர்ந்து 500 மில்லி கோட்டைத் தொடுவதைச் செவிலியர் நேரில் பார்க்கிறார். உடனே கருப்பையைத் தேய்த்துவிடுவதையும், கருப்பையைச் சுருங்கச் செய்யும் ஆக்சிடோசின், உதிரப்போக்கைக் கட்டுப்படுத்தும் டிரானெக்சாமிக் அமிலம், நரம்புவழித் திரவம் கொடுப்பதையும் ஒருசேரத் தொடங்குகிறார். நான்கு ஆப்பிரிக்க நாடுகளின் 80 மருத்துவமனைகளில் நடந்து 2023-இல் வெளியான ஆய்வில், இம்முறையால் கடும் உதிரப்போக்கும் அதன் கடும் விளைவுகளும் 60 விழுக்காடு குறைந்தன. ஆக்சிடோசினை 2 முதல் 8 டிகிரி குளிரில் வைக்காவிட்டால் வீரியம் குன்றும். ஆகவே, தடையற்ற மின்சாரமும் தாய்நலக் கொள்கையின் ஒரு பகுதியே.

கேள்வி: கருத்தடை தரும் குடும்பநலச் சேவைக்கும் தாய்மார் இறப்புக்கும் நேரடித் தொடர்பு உண்டா?

உண்டு. விரும்பாத கருவைத் தவிர்க்கும் பெண், அந்தக் கருவால் வரக்கூடிய எல்லா ஆபத்துகளையும் தவிர்க்கிறார். ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும்: கருத்தடை இறப்புகளோடு பிறப்புகளையும் குறைப்பதால், பிறப்புகளைக் கொண்டு வகுக்கும் விகிதத்தில் அதன் முழுப் பயன் தெரியாது. விகிதத்தை மட்டும் பார்த்து இச்சேவைக்கான நிதியைக் குறைப்பது பெரும் பிழை.

கேள்வி: சீர்திருத்தத்துக்குப் பிறகு பதிவான இறப்புகள் கூடினால் அது தோல்விதானே?

அப்படி உடனே முடிவுகட்ட வேண்டாம். கருவுற்றது முதல் கர்ப்பம் முடிந்த 42 நாள் வரை, கர்ப்பத்தோடு தொடர்புடைய காரணங்களால் நேரும் இறப்புகள் எல்லாம் தாய்மார் இறப்புக் கணக்கில் அடங்கும். முன்பு விடுபட்ட வீட்டு இறப்புகளும் மருத்துவமனையின் பிற பிரிவுகளில் நேர்ந்த இறப்புகளும் இப்போது பதிவாகியிருக்கலாம்.

கேள்வி: தாய் இறந்தால் பொறுப்பானவர்களைத் தண்டிப்பதுதானே முறை?

வேண்டுமென்றே செய்த தீங்கைச் சட்டம் பார்த்துக்கொள்ளட்டும். ஆனால் ஒவ்வொரு இறப்பு ஆய்வையும் விசாரணைக் கூண்டாக்கினால் குறிப்பேடுகள் திருத்தப்படும். கவலைக்கிடமான பெண்ணை ஏற்க அஞ்சி வேறு மருத்துவமனைக்கு அனுப்பிவிடுவார்கள், அவர் வழியிலேயே இறப்பார். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1952 முதல் பெயர் வெளியிடாமலேயே ஒவ்வொரு இறப்பையும் ஆராய்ந்து வந்ததன் காரணம், நடந்தது என்ன என்பதைப் பணியில் இருந்தவர் அச்சமின்றிச் சொன்னால்தான் அடுத்த தாய்க்கு இரத்தம் எந்த நேரத்தில் வர வேண்டும் என்பது தெரியவரும் என்பதே.