புதுக் காரில் தீராத பழுது: சட்டம் எதுவரை துணை நிற்கும்? (கேள்வி பதில்)

நுகர்வோர் ஆணையங்களில் வாகன வழக்குகளை நடத்திவரும் வழக்கறிஞர் என்ற முறையில், வந்து சேர்ந்த கேள்விகளுக்குக் கீழே பதில் அளித்துள்ளேன். ஒரே பொருளைப் பற்றிய கேள்விகளை ஒன்றாக்கியிருக்கிறேன்.

கேள்வி (திருப்பூர்): ஐயா, எட்டு மாதங்களுக்கு முன் வாங்கிய காரின் எஞ்சின் ஓட்டத்திலேயே நின்றுவிடுகிறது. ஐந்து முறை சர்வீஸ் சென்டரில் விட்டும் தீரவில்லை. சிங்கப்பூரில் இருக்கும் என் தம்பி, அங்கே இதற்கெனத் தனிச் சட்டமே உண்டு என்கிறான். இங்கும் உண்டா?

பதில்: உங்கள் தம்பி சொல்வது சரிதான். சிங்கப்பூரில் 2012 செப்டம்பர் முதல் நடப்பிலுள்ள விதிப்படி, பொருள் கைக்கு வந்த ஆறு மாதங்களுக்குள் தெரியவரும் குறை, ஒப்படைத்த நாளிலேயே இருந்ததாகக் கொள்ளப்படும். அப்படி இல்லை என்று காட்டவேண்டிய பொறுப்பு விற்றவருடையது. இந்தியாவில் அத்தகைய தனிச் சட்டம் இல்லை. இத்தனை முறை பழுதானால் புது வண்டி என்ற கணக்கும் நம் சட்டம் எதிலும் எழுதப்படவில்லை. நமக்கு இருப்பது 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம். அதன் 39-ஆம் பிரிவின்படி, குறையை நீக்கவும், பொருளை மாற்றித் தரவும், விலையை வட்டியுடன் திருப்பித் தரவும், இழப்பீடு வழங்கவும் ஆணையம் உத்தரவிடலாம். அதிகாரம் போதுமான அளவு இருக்கிறது. ஆனால் குறை உற்பத்தியிலேயே உள்ளது என்று மெய்ப்பிக்கும் சுமை பொதுவாக உங்கள் தலையில்தான் விழுகிறது.

கேள்வி (மதுரை): ஒவ்வொரு முறையும் "சோதித்தோம், பிரச்சினை இல்லை" என்றே எழுதித் தருகிறார்கள். என்னிடம் வேறு என்ன ஆதாரம் இருக்க முடியும்?

பதில்: இந்த வழக்குகளில் பெரும்பாலானவை, வண்டியை சர்வீஸுக்கு விடும்போது புகாரையும் செய்த வேலையையும் குறிக்கும் தாளான ஜாப் கார்டிலேயே வெல்லப்படுகின்றன அல்லது தோற்கப்படுகின்றன என்பது என் கருத்து. வாடிக்கையாளர் புகார் என்ற கட்டத்தில் சர்வீஸ் அட்வைசர் "பிக்கப் குறைவு", "ஜெனரல் செக்கப்" என்று இரண்டு சொல்லில் முடித்துவிடுவார். கீழே "ரோடு டெஸ்ட் செய்யப்பட்டது, ஓகே" என்று மெக்கானிக் எழுதுவார். நீங்களும் அவசரத்தில் கையெழுத்திட்டு வண்டியை எடுத்து வந்துவிடுவீர்கள். மூன்று ஆண்டுகள் கழித்து ஆணையத்தின் முன் அந்தத் தாளை வைத்தால், வண்டி வழக்கமான சர்வீஸுக்கு வந்ததாகத்தான் எதிர்த்தரப்பு வாதிடும். ஆகவே "ஏ.சி. போட்டு மூன்றாவது கியரில் ஏற்றத்தில் செல்லும்போது எஞ்சின் நிற்கிறது, இதே புகாருக்கு இது நான்காவது வருகை" என்று உங்கள் சொற்களிலேயே எழுதச் சொல்லுங்கள். மறுத்தால், அதே வாசகத்தை அன்றே டீலருக்கும் தயாரிப்பு நிறுவனத்துக்கும் மின்னஞ்சலில் அனுப்பிவிடுங்கள். வண்டியை விட்ட தேதி, திரும்பப் பெற்ற தேதி, ஓடோமீட்டர் அளவு ஆகிய மூன்றும் ஜாப் கார்டில் இருக்கவேண்டும். ஸ்கேனரில் பிழைக் குறியீடு வந்தால் அதன் அச்சுப்பிரதியைக் கேளுங்கள். வழியில் நின்று வண்டியை இழுத்துச் சென்றிருந்தால் அந்த ரசீதையும் தொலைக்காதீர்கள்.

இதற்கு அடுத்தபடியாக வருவது நிபுணர் அறிக்கை. சோதனை செய்யாமல் குறையைத் தீர்மானிக்க இயலாது எனில், 38-ஆம் பிரிவின்கீழ் ஆணையம் அதற்கு உத்தரவிடும். கார் வழக்குகளில் பொறியியல் கல்லூரிப் பேராசிரியரையோ மோட்டார் வாகன ஆய்வாளரையோ நியமிப்பது வழக்கம். கட்டணத்தை முதலில் நீங்கள் செலுத்த வேண்டியிருக்கும். அதுவரை வெளி மெக்கானிக் யாரும் அந்த எஞ்சினைத் தொட அனுமதிக்காதீர்கள். வெளியாள் கை வைத்ததால்தான் கெட்டது என்று சொல்ல அவர்களுக்கு அதுவே போதும்.

கேள்வி (சென்னை): முழு வண்டியையும் மாற்றித் தரச்சொல்லி உத்தரவு பெற முடியுமா?

பதில்: முடியும், ஆனால் எளிதன்று. மாருதி உத்யோக் நிறுவனத்துக்கும் ஒரு வாடிக்கையாளருக்கும் இடையிலான வழக்கில் 2006-இல் உச்ச நீதிமன்றம், பழுதான பாகத்தை மாற்றித் தருவதாகத்தான் வாரண்டி சொல்கிறதே தவிர வண்டியையே மாற்றித் தருவதாகச் சொல்லவில்லை என்று கூறி, புது வண்டி தரச்சொன்ன உத்தரவை நீக்கியது. எதிர்த்தரப்பு வழக்கறிஞர்கள் இன்றுவரை முதலில் எடுத்து நீட்டுவது இந்தத் தீர்ப்பைத்தான். மறுபக்கம், விபத்தில் ஏர்பேக் விரியாத ஹூண்டாய் க்ரெட்டா வழக்கில் 2022-இல் அதே நீதிமன்றம் வண்டியை மாற்றித் தரும் உத்தரவை உறுதிசெய்தது. மோதலின் வேகத்தையும் விசையையும் இயற்பியல் அறிஞரைப் போல வாடிக்கையாளர் கணக்கிட்டுக்கொண்டிருக்க முடியாது என்றும் சொன்னது. உயிர்ப் பாதுகாப்பைத் தொடும் குறைக்கும் டேஷ்போர்டு சத்தத்துக்கும் ஒரே நிவாரணத்தை எதிர்பார்க்கலாகாது. மனுவில் புது வண்டி, இல்லையேல் வட்டியுடன் விலை, அதுவும் இல்லையேல் முழுப் பழுதுநீக்கமும் இழப்பீடும் என்று படிப்படியாகக் கேட்பதே விவேகம்.

கேள்வி (கோவை): என்னுடையது மஞ்சள் போர்டு வண்டி. டாக்ஸி வாங்கியவர் நுகர்வோர் ஆகமாட்டார் என்கிறார்களே?

பதில்: நீங்களே ஓட்டிப் பிழைப்பு நடத்துகிறீர்கள் என்றால் நீங்கள் நுகர்வோரே. உங்கள் ஊர் பி.எஸ்.ஜி. தொழில் நிறுவனம் ஒரு தரப்பாக இருந்த 1995-ஆம் ஆண்டு வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கிவிட்டது. பல வண்டிகளை வாங்கி ஆள் வைத்து ஓட்டுபவரின் நிலை வேறு.

கேள்வி (தஞ்சாவூர்): எங்கே, எத்தனை நாளுக்குள் வழக்குப் போடவேண்டும்? கட்டணம் எவ்வளவு?

பதில்: கொடுத்த விலை 50 லட்சம் ரூபாய் வரை என்றால் மாவட்ட ஆணையம் போதும். டீலர் வேறு ஊரில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே தாக்கல் செய்யலாம். விலை 5 முதல் 10 லட்சம் வரை 200 ரூபாய், 20 லட்சம் வரை 400, 50 லட்சம் வரை 1,000 ரூபாய் கட்டணம். வழக்குக்கான காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகள் கெடு. நினைவூட்டல் கடிதங்கள் எழுதிக்கொண்டிருப்பதால் அது நீளாது. சோதனை தேவைப்படும் வழக்கை ஐந்து மாதங்களில் முடிக்க முயலவேண்டும் என்கிறது சட்டம். அந்த வேகத்தை எதிர்பார்த்து வராதீர்கள்.

கேள்வி (சேலம்): வண்டி ஓடாதபோது வங்கித் தவணையை ஏன் கட்டவேண்டும்?

பதில்: கட்டித்தான் ஆகவேண்டும். கடன் ஒப்பந்தம் தனி. நிறுத்தினால் வண்டி பறிமுதல் ஆகலாம். பறிமுதலான வண்டியோடு சோதனைக்குரிய சான்றும் போய்விடும். கட்டிய வட்டியை இழப்பீட்டில் கேளுங்கள்.

கேள்வி (திருநெல்வேலி): டீலர் கம்பெனியைக் காட்டுகிறார், கம்பெனி டீலரைக் காட்டுகிறது. இதே மாடலில் பலருக்கும் இதே பழுது இருப்பதாகவும் தெரிகிறது. என்ன செய்வது?

பதில்: இருவரையும் எதிர்மனுதாரர்களாகச் சேருங்கள். டாடா மோட்டார்ஸ் தொடர்பான 2021-ஆம் ஆண்டுத் தீர்ப்பில், டீலர் தன்னிச்சையாகச் செய்த தவறுக்கு, அதை அறியாத தயாரிப்பாளரைப் பொறுப்பாக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் கூறியிருக்கிறது. எனவே எந்தக் குறை யாருடையது என்பதை மனுவில் பிரித்துக் காட்டுங்கள்.

பலருக்கும் உள்ள பாதுகாப்புக் குறை என்றால், 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 110ஏ பிரிவின்கீழ் வண்டிகளைத் திரும்ப அழைக்குமாறு மத்திய அரசு உத்தரவிட முடியும். புதிய நுகர்வோர் சட்டத்தில் சேர்ந்த, குறையுள்ள பொருளால் நேரும் கேட்டுக்கு இழப்பீடு கேட்க வழிசெய்யும் பொருள் பொறுப்பு அத்தியாயத்தைச் சிலர் பெரிதாக நம்புகிறார்கள். அங்கே கேடு என்பதன் வரையறையிலிருந்து பொருளுக்கே நேரும் சேதம் விலக்கப்பட்டுள்ளது. ஆளுக்குக் காயம் நேர்ந்தால் அது உதவும், அடிக்கடி நிற்கும் எஞ்சினுக்கு அன்று.

கேள்வி (வேலூர்): நான்காவது முறை பழுதுபார்த்தபின், கூடுதலாக இரண்டு ஆண்டு வாரண்டி தருவதாகச் சொல்லி, முழுத் திருப்தி என்று ஒரு கடிதத்தில் கையெழுத்துக் கேட்கிறார்கள்.

பதில்: அந்த வாசகத்தில் கையெழுத்திடாதீர்கள். கையெழுத்திட்டால்தான் சாவி என்று நெருக்கினால், "வண்டியைப் பெற்றுக்கொண்டேன், பழுது நீங்கியதா என்பது ஓட்டிப் பார்த்த பிறகே தெரியும்" என்று உங்கள் கைப்பட எழுதி, அதன்கீழ் தேதியுடன் கையெழுத்திட்டு, வெளியே வருமுன் அந்தத் தாளைக் கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். கூடுதல் வாரண்டியை ஏற்பதில் தவறில்லை. அதைத் தனிக் கடிதமாக, எந்த உரிமையையும் விட்டுக்கொடுக்கும் வரி இல்லாமல் தரச்சொல்லுங்கள்.